பழைய ரக்கட் லேப்டாப்பை ஆன்லைனில் வாங்குவது: விளம்பரம் பார்ப்பதிலிருந்து பெட்டி பிரிப்பது வரை

ரக்கட் லேப்டாப் என்றால் அடி, தூசி, தண்ணீர் தாங்கும்படி கட்டிய லேப்டாப். பழையதை வாங்கி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் லேப்டாப் உடைந்து போயிருந்ததால் ஏமாறுவதில்லை. பெட்டி கல்லுமாதிரி இருக்கும், திரையும் எரியும். ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளில்) யாரோ போட்ட பாஸ்வேர்டு இருக்கும். அல்லது ஹார்ட் டிஸ்க்கோடு அதைத் தாங்கும் கேடி என்ற கூட்டையும் கழற்றியிருப்பார்கள். அல்லது சார்ஜர் வேறு வோல்ட்டேஜ், போர்ட் மூடி இரண்டு இல்லை. சாதாரண லேப்டாப்பில் இவை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அரை மணி நேரத்து வேலை. ரக்கட்டில் ஒவ்வொன்றும் அந்த மாடலுக்கே உரிய சாமான். கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம், சில கிடைக்காமலே போகலாம். அதனால் கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல், பணம் அனுப்பும் முன்பே செய்ய வேண்டியவை.

1. முதலில், இது உங்களுக்குத் தேவைதானா?

காற்றாலையின் மேலே ஏறிக் கன்ட்ரோலர் பார்ப்பவர், கோயம்புத்தூர், ஓசூர் பக்கம் பழைய சிஎன்சி, பிஎல்சி இயந்திரங்களோடு (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் தொழிற்சாலை இயந்திரங்கள்) சீரியல் கேபிளில் பேச வேண்டியவர், வெயிலில் நின்று டோட்டல் ஸ்டேஷன் டேட்டா எடுக்கும் சர்வேயர், கிரீஸ் கையோடு வண்டியின் ஈசியூவை (எஞ்சின் கணினியை) ஸ்கேன் செய்யும் மெக்கானிக், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர் — இவர்களுக்கு ரக்கட் லேப்டாப் காசுக்குத் தகுந்த பொருள். அசல் ஒன்பது பின் சீரியல் போர்ட், வெயிலில் தெரியும் திரை, கையுறையோடு தொட்டாலும் கேட்கும் டச், மூன்று கிலோ இருந்தாலும் தூக்க ஒரு கைப்பிடி.

கல்லூரிக்கோ வீட்டு வேலைக்கோ "கீழே போட்டாலும் உடையாத லேப்டாப்" தேடுகிறீர்கள் என்றால் இதை வாங்காதீர்கள். அதே காசுக்குப் பழைய திங்க்பேடோ சாதாரண லாட்டிட்யூடோ இரண்டு மூன்று தலைமுறை புதிய புராசஸரோடு கிடைக்கும், எடையும் பாதி.

இன்னொன்று: விளம்பரத்தில் "மில்-எஸ்டிடி-810" (அமெரிக்க ராணுவத்தின் தாங்குதிறன் சோதனை), "ஐபி65" (தூசி, தண்ணீர் தடுக்கும் அளவு) என்று எழுதியிருப்பதெல்லாம் அந்த மாடல் புதிதாக இருந்தபோது செய்த சோதனை. பத்து வருடம் போலீஸ் வண்டியில் கிடந்த ரப்பர் சீலுக்கு அந்த எண் பொருந்தாது. பழையது வாங்கும்போது "தண்ணீர் தெறித்தால் தாங்கலாம், தூசி தாங்கும், தட்டுப்பட்டால் தாங்கும்" என்ற அளவில் எடுத்துக்கொள்வதே பத்திரம்.

2. மாடலைத் தேர்ந்தெடுப்பது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெல் 8-ஆம் தலைமுறை புராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். தேர்வு இந்தக் கோட்டில்தான் இரண்டாகப் பிரிகிறது.

கோட்டுக்கு இந்தப் பக்கம், விண்டோஸ் 11 ஓடுபவை: பானாசோனிக் டஃப்புக் எஃப்இசட்-55 (முதல் பதிப்பில் 8-ஆம் தலைமுறை ஐ5-8365யூ, 14 அங்குலம், ஐபி53, இரண்டு கிலோ சொச்சம்), டெல் லாட்டிட்யூட் 5420 ரக்கட், 5424 ரக்கட் (இரண்டும் ஐபி52), முழு ரக்கட் வேண்டுமென்றால் 7424 (ஐபி65). 7424-இல் 6, 7-ஆம் தலைமுறை புராசஸர் போட்டவையும் சந்தையில் உண்டு. மாடல் எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. டெல்லின் இந்த மூன்றிலும் ராம் இரண்டு ஸ்லாட்டில் இருப்பதால் பிற்பாடு மாற்றலாம்.

கோட்டுக்கு அந்தப் பக்கம், முறையாக ஓடாதவை: டஃப்புக் சிஎஃப்-31, சிஎஃப்-19, சிஎஃப்-54, சிஎஃப்-33-இன் முதல் பதிப்பு, டெல் 5414, 7414. விலை குறைவு. இணையத்தில் சேராமல் ஒரே ஒரு இயந்திரத்தின் மென்பொருளை ஓட்டவோ லினக்ஸ் போடவோ வாங்குகிறீர்கள் என்றால் இவை போதும். பழைய பிஎல்சி மென்பொருள் சில விண்டோஸ் 7-ஐத் தாண்டி வராது என்பதால் இவைதான் பொருத்தமும்கூட. சிஎஃப்-31 வெளியில் பார்க்க எல்லாப் பதிப்பிலும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே முதல் பதிப்பு 2010-இன் ஐ5-520எம், ஐந்தாம் பதிப்பு ஐ5-5300யூ. "டஃப்புக் ஐ5" என்று மட்டும் போட்டிருக்கும் விளம்பரத்தில் புராசஸரின் முழு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

சிஎஃப்-33, சிஎஃப்-20, எஃப்இசட்-ஜி1 போன்ற டேப்லெட் வகைகளில் ராம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டது. நான்கு ஜிபி என்றால் கடைசி வரை நான்கு ஜிபிதான்.

பெயரில் ஒரு பொறி உண்டு. டெல் "லாட்டிட்யூட் 5420 ரக்கட்" 2019-இல் வந்தது. வெறும் "லாட்டிட்யூட் 5420" 2021-இல் வந்த சாதாரண அலுவலக லேப்டாப். 5430-லும் இதே கதை. தேடும்போது இரண்டும் கலந்து வரும். தலைப்பில் ரக்கட் என்று எழுதிச் சாதாரண லேப்டாப்பின் பேட்டரி, சார்ஜர், திரை விற்பவர்களும் உண்டு. படத்தில் போர்ட் மூடிகள் தெரிந்தால்தான் அது ரக்கட்.

3. எங்கே தேடுவது

இந்தியாவில் விற்கும் பழைய ரக்கட் லேப்டாப்களில் கணிசமானவை அமெரிக்க, ஐரோப்பிய போலீஸ், தொலைபேசி, மின்சார நிறுவனங்கள் கழித்துவிட்டவை. டெல்லி நேரு பிளேஸ், பெங்களூரு எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வியாபாரிகள் மொத்தமாக எடுத்து இந்தியாமார்ட், ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், சொந்த இணையக் கடை என்று பல இடத்தில் போடுவார்கள். ஒரே பொருள் மூன்று இடத்தில் மூன்று விலையில் இருக்கும். படத்தில் உள்ள கீறல், ஸ்டிக்கர் அடையாளத்தை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். விலை பேச அதுவே கைப்பிடி.

ஈபேயில் அமெரிக்க விற்பனையாளரிடம் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று நேரே ஆர்டர் போட வேண்டாம். பழைய லேப்டாப் இறக்குமதி இந்திய வெளிநாட்டு வணிகக் கொள்கையில் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி இல்லாமல் சுங்கத்தில் நின்றுவிடும். 2023 ஆகஸ்ட் அறிவிப்பில் கூரியரில் வரும் ஒரு லேப்டாப்புக்கு விலக்கு இருப்பதாகப் படித்துவிட்டு ஆர்டர் போடுகிறார்கள். பழைய பொருளுக்கான விதி தனி, அந்த விலக்கு அதைத் தொடாது. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் உறவினர், 18 வயது நிரம்பியவர், தன் பயணப் பெட்டியில் ஒரு லேப்டாப்பைச் சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம். சிக்கலில்லாத வழி அது ஒன்றுதான்.

4. பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டிய படங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. வியாபாரிகள் "சார், எல்லாம் டெஸ்டட்" என்பார்கள். சண்டை வேண்டாம், கீழே உள்ளவற்றை வாட்ஸப்பில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உண்மையான பொருள் கையில் இருப்பவருக்குப் பத்து நிமிட வேலை. அனுப்பத் தயங்கினால் அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள்.

*பயாஸ் திரைக்குள் நுழையும் வீடியோ.* லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஆன் செய்து, எஃப்2 தட்டி, பயாஸுக்குள் போய், பூட் வரிசையை (எந்த டிஸ்கிலிருந்து ஆன் ஆவது என்ற வரிசையை) மாற்றிச் சேமித்து வெளியே வர வேண்டும். எல்லாம் ஒரே வீடியோவில். விண்டோஸ் ஓடும் வீடியோ இதற்கு ஈடாகாது. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்ட டஃப்புக் எந்தக் கேள்வியும் கேட்காமல் விண்டோஸுக்குள் போகும். எஃப்2 தட்டினால்தான் பூட்டு தெரியும். யூசர் பாஸ்வேர்டில் உள்ளே போனால் மெனு திறக்கும், ஆனால் பாதி வரிகள் மங்கலாக, மாற்ற முடியாதபடி இருக்கும். அதனால்தான் மாற்றிச் சேமித்துக் காட்டச் சொல்வது.

"சிமாஸ் பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் சார்" என்பார்கள், போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரியைச் சொல்லி. போகாது. இந்தப் பாஸ்வேர்டு மின்சாரம் போனாலும் அழியாத சிப்பில் இருக்கிறது. தயாரிப்பு நிறுவனத்திடம் போனால் உரிமையாளர் என்பதற்குச் சான்று கேட்பார்கள். அது அமெரிக்காவில் ஏதோ ஒரு நிறுவனத்திடம் இருக்கும். சிப் புரோகிராமர் வைத்து எடுத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் போர்டு கழற்ற ரக்கட்டின் சீல்களைப் பிரிக்க வேண்டும். பாஸ்வேர்டு இருக்கும் பொருளை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

*பயாஸின் தகவல் பக்கம்.* டஃப்புக்கில் "இன்ஃபர்மேஷன்" என்ற முதல் பக்கத்தில் மாடல் எண், சீரியல் எண், புராசஸர், ராம் எல்லாம் வரும். அதே பக்கத்தில் "அக்யுமுலேட்டிவ் ஆப்பரேட்டிங் டைம்" என்று ஒரு வரி, மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். வண்டியின் ஓடோமீட்டர் மாதிரி. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 2,400 மணி. அதை வைத்து எத்தனை வருட உழைப்பு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் வண்டியில் ஓடியவை எளிதாக முப்பதாயிரம் தாண்டும். பெட்டி பழசாகவும் மணிக்கணக்கு மிகக் குறைவாகவும் இருந்தால் போர்டு மாற்றப்பட்டிருக்கலாம். அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணோடு திரையில் உள்ளதை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

டெல்லில் இந்த மணிக்கணக்கு இல்லை. பதிலாக ஏழெழுத்து சர்வீஸ் டேக் உண்டு. அதைக் கேட்டு டெல்லின் சப்போர்ட் தளத்தில் போடுங்கள்: தொழிற்சாலையிலிருந்து எந்தத் தேதியில், எந்தப் புராசஸர், எந்தத் திரையோடு போனது, வாரண்டி எப்போது முடிந்தது என்பதெல்லாம் வரும். "டச் ஸ்கிரீன்" என்று விளம்பரம் சொல்லி, பட்டியலில் டச் இல்லாத திரை இருந்தால் மேலே பேச வேண்டியதில்லை. டெல் பயாஸில் பேட்டரியின் ஆரோக்கியத்தையும் ஒற்றைச் சொல்லில் காட்டும். அந்தப் பக்கத்தையும் படம் கேளுங்கள்.

*ஆப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் நிலை.* திருட்டைக் கண்டுபிடிக்க நிறுவனங்கள் போடும் மென்பொருள் இது. பயாஸிலேயே வேர் விட்டிருக்கும், விண்டோஸை அழித்தாலும் திரும்ப வரும். பயாஸின் செக்யூரிட்டிப் பகுதியில் அது "ஆக்டிவேட்டட்" என்று இருந்தால் பழைய நிறுவனம் மட்டுமே விடுவிக்க முடியும். வாங்க வேண்டாம்.

*கேடியைக் கழற்றிக் காட்டும் படம்.* தகவல் பாதுகாப்புக்காக நிறுவனங்கள் டிஸ்கை உருவிவிட்டுத்தான் விற்கின்றன. பல நேரம் கேடியும் கூடவே போய்விடுகிறது. சிஎஃப்-31-இன் கேடி வெறும் தகரக் கூடு அல்ல. அதற்குள் மெல்லிய ரிப்பன் கேபிள் கனெக்டர், அதிர்வு தாங்கும் மெத்தை, குளிர் நாடுகளுக்கான ஹீட்டர் எல்லாம் இருக்கும். கேடி இல்லாமல் எஸ்எஸ்டியை மட்டும் வாங்கி உள்ளே செருக முடியாது. டெல் ரக்கட், எஃப்இசட்-55 ஆகியவற்றிலும் டிஸ்க் தனிக் கூட்டில்தான் வரும். "எஸ்எஸ்டி இல்லை" என்று விளம்பரத்தில் இருந்தால் முதல் கேள்வி, "கேடி இருக்கிறதா?"

*மூடிகள்.* நான்கு பக்கமும், எல்லா போர்ட் மூடியும் திறந்தும் மூடியும், அடிப்பக்கமும் படம் வேண்டும். பேட்டரிக் கதவு, டிஸ்க் கதவு இரண்டின் பூட்டும் வேலை செய்கிறதா, மூலை ரப்பர்கள் இருக்கின்றனவா, ஸ்குரூ ஓட்டைகள் காலியா என்று பாருங்கள். அடிப்பக்கத்தில் ஸ்குரூ தலை தேய்ந்திருந்தால் யாரோ பல முறை திறந்திருக்கிறார்கள். அந்தச் சீலை இனி நம்ப வேண்டாம்.

*கீபோர்டு நேராக மேலிருந்து.* ஐரோப்பாவிலிருந்து வந்தவற்றில் பிரெஞ்சு, ஜெர்மன் கீபோர்டு இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். என்டர் விசையின் வடிவமே வேறு என்பதால் கை பழகாது. அவ்வளவு பெரிய குறை அல்ல, விலையில் கழித்துக்கொள்ளலாம்.

5. உண்மையான விலை எவ்வளவு?

விளம்பர விலை தொடக்கம் மட்டுமே. கேட்கும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் தெளிவுபடுத்துங்கள். "25,000 ரூபாய்" என்று பேசி முடித்தபின் "பிளஸ் டாக்ஸ்" வந்தால் 18 சதவீதத்தோடு 29,500 ஆகிவிடும். அதன் மேல் சார்ஜர், பேட்டரி, எஸ்எஸ்டி, கூரியர்.

சார்ஜர் விஷயத்தில் கவனம். டஃப்புக்கின் பெரும்பாலான மாடல்களுக்கு 15.6 வோல்ட், சிஎஃப்-31 போன்ற பெரியவற்றுக்கு 7.05 ஆம்பியர், அதாவது 110 வாட். அதன் பின் 5.5 × 2.5 மில்லிமீட்டர். வேறு பிராண்டுகளின் 19 வோல்ட் சார்ஜர் பலவற்றுக்கும் இதே அளவுப் பின் என்பதால் அழகாகப் பொருந்திவிடும், லைட்டும் எரியும். விற்பவர் அதையே கையில் கொடுத்துவிடுவார். சார்ஜரின் லேபிளைப் படம் கேட்டு வோல்ட்டைப் படியுங்கள். டெல்லில் 19.5 வோல்ட், நடுவில் மெல்லிய ஊசி இருக்கும் பின். அந்த ஊசி வழியாகத்தான் லேப்டாப் சார்ஜரை அடையாளம் காண்கிறது. மலிவான போலியைச் செருகினால் ஆன் ஆகும்போதே எச்சரிக்கை வரும், பேட்டரி ஏறாது, புராசஸரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "லேப்டாப் ஸ்லோ" என்று திட்டப்படும் பழைய டெல்களில் ஒரு பங்குக்குக் காரணம் சார்ஜர்தான்.

பேட்டரி செத்திருக்கிறது என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். நன்றாக இருந்தால் லாபம். மாடல் பழையதாக ஆக ஆக அசல் பேட்டரி கிடைப்பது அரிது. "ஒரிஜினல்" என்று விற்பவற்றில் தேதி பழையதாக இருக்கும், பயன்படுத்தாமலே வீணானவை. வாங்கும் விலையில் கால் பங்கை இந்தச் சாமான்களுக்கென ஒதுக்கி வைத்துக்கொண்டு பேரம் பேசினால் பிறகு வருத்தம் இருக்காது.

4ஜி சிம் ஸ்லாட் இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அமெரிக்க மாடல்களின் மோடம் கார்டுகள் பலவற்றில் ஜியோ பயன்படுத்தும் பேண்ட் 40 என்ற அலைவரிசை கிடையாது, சிலவற்றில் பேண்ட் 3-உம் கிடையாது. மொபைல் ஹாட்ஸ்பாட்டே மேல்.

6. பில், பணம், ஏமாற்று

வியாபாரியிடம் வாங்கினால் ஜிஎஸ்டி பில் வேண்டும். அதில் மாடல் எண்ணோடு சீரியல் எண் அல்லது சர்வீஸ் டேக் எழுதியிருக்க வேண்டும். "யூஸ்டு லேப்டாப் – 1" என்று மட்டும் போட்ட பில் நாளை எதற்கும் உதவாது. ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்திலேயே போட்டுப் பார்த்தால் நிறுவனத்தின் பெயரும் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, கர்நாடகம் 29, மகாராஷ்டிரம் 27, டெல்லி 07. டெல்லிக் கடை என்று சொல்பவரின் எண் வேறு மாநிலமாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

உங்கள் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்து, கட்டிய வரியைத் திரும்ப வரவு எடுக்கும் எண்ணம் இருந்தால் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். பழைய பொருள் வியாபாரிகள் லாபத் தொகைக்கு மட்டும் வரி கட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பில்லில் வரி தனியாகக் காட்டப்படாது, உங்களுக்கு வரவும் வராது.

தனிநபரிடம் வாங்கினால் ஒரு வெள்ளைத்தாள் ரசீது: தேதி, தொகை, மாடல், சீரியல் எண், விற்பவரின் கையெழுத்து, அடையாள அட்டை நகல். பழைய வாங்கிய பில் இருந்தால் அதன் நகலும். திருட்டுப் பொருளென்று பின்னால் பேச்சு வந்தால் இதுதான் உங்கள் பக்கம் நிற்கும்.

ஏமாற்றுக்காரர்களின் பாட்டு எப்போதும் ஒரே ராகம். "ஆர்மியில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர், அவசரமாக விற்கிறேன்" என்று ராணுவ அடையாள அட்டையின் படம் வரும், கேன்டீன் பில் வரும், பிறகு "கூரியர் சார்ஜ் மட்டும் முதலில் போடுங்கள்". ரக்கட் லேப்டாப்புக்கு ராணுவக் கதை இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. இன்னொன்று க்யூஆர் குறியீடு: "ஸ்கேன் செய்தால் அட்வான்ஸ் உங்களுக்குத் திரும்ப வந்துவிடும்". யூபிஐ பின் எண்ணைக் கேட்கிறது என்றால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதமாக ஆகப் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும். பொருள் வந்து, அது சொன்னபடி இல்லை, கடைக்காரர் கேட்க மாட்டேன் என்கிறார் என்றால் அது வேறு வழக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

திரும்ப எடுக்கும் நிபந்தனையை வாட்ஸப்பில் எழுத்தில் வாங்குங்கள். "டெஸ்டிங் வாரண்டி 7 நாள்" என்றால் எந்த நாளிலிருந்து, பில் தேதியா, கையில் கிடைத்த நாளா? டெல்லியிலிருந்து தரைவழியில் வரவே ஒரு வாரம் ஆகலாம். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது என்பதையும் அதே செய்தியில் கேட்டுவிடுங்கள்.

7. கூரியர்

சிஎஃப்-31 தனியாகவே 3.7 கிலோ. கூரியர்காரர்கள் எடை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள்: நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கம். 45 × 40 × 20 பெட்டி என்றால் 7.2 கிலோவுக்குக் காசு. பேட்டரி லேப்டாப்புக்குள் பொருத்தப்பட்டே வரட்டும்; உதிரியாக லித்தியம் பேட்டரி வைத்தால் விமானத்தில் ஏற்ற மறுப்பார்கள். ரக்கட் என்பதால் செய்தித்தாள் சுற்றி அனுப்பும் கடைக்காரர்கள் உண்டு. பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கைப்பிடி, சிம் மூடி, சார்ஜர் பின் உடைந்து வரும். சார்ஜரைத் தனியாகக் குமிழ் உறையில் சுற்றச் சொல்லுங்கள்.

8. பெட்டி வந்த அன்றே

பெட்டியைப் பிரிக்கும் முன் வீடியோவை ஆன் செய்யுங்கள். முகவரி லேபிள், டேப்பைக் கிழிப்பது, சீரியல் எண், முதல் முறை ஆன் ஆவது, எல்லாம் நிறுத்தாமல் ஒரே வீடியோ. பிறகு, இந்த வரிசையில்:

முதலில் பயாஸ். அங்கேயே சீரியல் எண், பாஸ்வேர்டு, ஆப்சல்யூட் நிலை மூன்றையும் மறுபடி பாருங்கள்.

அடுத்து விண்டோஸை முழுதாக ரீசெட் செய்து, அமைக்கும்போது வைஃபையில் இணையுங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு "வெல்கம்" திரை வந்து அலுவலக மின்னஞ்சல் கேட்டால், இந்த லேப்டாப் இன்னும் பழைய நிறுவனத்தின் ஆட்டோபைலட் (நிறுவன லேப்டாப்களைத் தொலைவிலிருந்து அமைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) பட்டியலில் இருக்கிறது. இணையம் இல்லாமல் நிறுவி இதைத் தாண்டலாம், கடைக்காரர் அப்படித்தான் செய்து அனுப்பியிருப்பார். அடுத்த ரீசெட்டில் அதே திரை திரும்ப வரும். அந்த நிறுவனம் நீக்கினால்தான் போகும். திருப்பி அனுப்ப இதுவே போதுமான காரணம்.

பேட்டரிக்கு: கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஆங்கிலத்தில் "பவர்சிஎஃப்ஜி" என்று தட்டி, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, ஒட்டினாற்போல் "பேட்டரிரிப்போர்ட்" என்று தட்டுங்கள். ஓர் அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்ற இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். டெல்லின் 51 வாட்-அவர் பேட்டரியில் முதல் எண், மில்லிவாட்-அவரில், 51,000-ஐ ஒட்டி இருக்கும். இரண்டாவது 30,600 என்றால் 60 சதவீதம், சீக்கிரம் மாற்ற வேண்டியது. இரண்டும் அச்சு அசலாக ஒரே எண் என்றால் சந்தோஷப்பட வேண்டாம். போலி பேட்டரிகள் அப்படிப் பொய் சொல்வது உண்டு. சார்ஜரை உருவிவிட்டு ஒரு மணி நேரம் வீடியோ ஓட்டிப் பாருங்கள். 40 சதவீதத்திலிருந்து திடீரென அணைந்தால் தெரிந்துவிடும்.

எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பாருங்கள், ஓடிய மணி நேரத்தோடு. திரைக்கு: பெயின்ட்டைத் திறந்து முழுத் திரையிலும் நெருக்கமாகக் கோடு இழுங்கள். கோடு ஓரிடத்தில் அறுந்தாலோ துள்ளினாலோ அங்கே டச் செத்திருக்கிறது. பழைய டஃப்புக்கின் அழுத்தத் திரையில் முதலில் டச் காலிபரேஷன் செய்துவிட்டுப் பாருங்கள். சும்மா தள்ளித் தள்ளி விழுந்தால் அது பழுது அல்ல. பிறகு வெளிச்சத்தை முழுதாக வைத்து, நண்பகல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பாருங்கள். இத்தனை காசு கொடுத்தது இதற்காகத்தான், பேக்லைட் பழசாகி மங்கியிருப்பது அறைக்குள் தெரியாது.

சீரியல் போர்ட்டைச் சோதிக்க இயந்திரம் தேவையில்லை. ஒன்பது பின் போர்ட்டில் 2, 3 எண் பின்களை ஒரு சிறு ஒயரால் இணையுங்கள். மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவதும் மூன்றாவதும். போர்ட்டின் அகலமான பக்கம் மேலே இருக்க வேண்டும். புட்டி மென்பொருளில் சீரியல், காம்1, வேகம் 9600, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை என்று வைத்துத் திறந்து எதையாவது தட்டுங்கள். தட்டியது திரையில் வந்து, ஒயரை எடுத்ததும் வராமல் போனால் போர்ட் நன்றாக இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் காம்1-ஏ தெரியவில்லை என்றால் பயாஸில் சீரியல் போர்ட் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். பழுதென்று முடிவு கட்டும் முன் அங்கே பாருங்கள்.

யூஎஸ்பி ஒவ்வொன்றிலும் ஒரு பென்டிரைவ், லேன் கேபிள், வைஃபை, ஸ்பீக்கர், கேமரா. டெல்லில் எஃப்12 தட்டினால் வரும் மெனுவில் டயக்னாஸ்டிக்ஸ் இருக்கிறது, இரவு ஓட விட்டுவிட்டுத் தூங்கலாம். இவை எல்லாம் இரண்டு நாளுக்குள் முடிய வேண்டும்.

9. விண்டோஸும் டிரைவரும்

8-ஆம் தலைமுறை முதல் வரும் மாடல்களில் விண்டோஸ் 10 ப்ரோவின் உரிமம் பொதுவாகப் போர்டிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் 11 ப்ரோ நிறுவினால் தானே ஆக்டிவேட் ஆகும். அடிப்பக்கத்தில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் இருக்கும் பழைய மாடல்களில் அந்த எண்ணை வைத்து 10-ஐ ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டது. விற்பவர் "ஆக்டிவேட்டட் விண்டோஸ்" என்று தருவது பெரும்பாலும் திருட்டுக் கருவியால் செய்தது. அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

டெல் டிரைவர்கள் சர்வீஸ் டேக் போட்டால் மொத்தமாக வரும். டஃப்புக்கில் மாடலோடு பதிப்பு எண்ணும் சரியாக இருக்க வேண்டும். சிஎஃப்-31-இன் ஒரு பதிப்பின் தொகுப்பை இன்னொன்றில் போட்டால் டச், வெளிச்ச விசைகள், வயர்லெஸ் சுவிட்ச் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அடம் பிடிக்கும். வேலை செய்யும் தொகுப்பை ஒரு பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பழைய மாடல்களின் டிரைவர்கள் என்றைக்கும் தளத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள், செய்து பழுதானால் எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. அதற்குப் பதில் ஒவ்வொரு மூடியின் ரப்பரையும் ஈரத்துணியால் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். வெடித்த மூடி உள்ள பக்கத்தை மழையில் கீழ்ப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, அதே மாடலின் உடைசலுக்குப் போன லேப்டாப் விற்பனைக்கு வருகிறதா என்று தேடிக்கொண்டிருங்கள். மூடி, கேடி, மூலை ரப்பர் எல்லாம் மலிவாகக் கிடைப்பது அதிலிருந்துதான்.